ரதிக்குத் தொண்டை கட்டிய வாரம்

வியாழன், கொழும்பிலிருந்து ஹட்டன்

எங்கள் நாடகக் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கும் அண்ணனுக்குச் சொந்த ஊர் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அங்கே காமன் கம்பம் ஊன்றியாயிற்று. வருகிற பௌர்ணமி இரவு காமன் தகனம், சிவன் மன்மதனை எரிக்கும் காமன் கூத்து. "ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் நாடகம் பத்திப் பேசுவோம்" என்று அவர் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை எனக்குப் பாடசாலையில் லீவு கிடைத்தது. அண்ணன், எங்கள் குழுவுக்கு லைட் போடும் தம்பி, நான், மூவரும் கோட்டையில் காலை ரயிலைப் பிடித்துவிட்டோம்.

உடுப்பை விடச் சாமான் அதிகம். தோட்டத்துக் கூத்து மாஸ்டர் போனில் ஒரு பட்டியல் சொல்லியிருந்தார்: ஜிகினாத் தாள், கண்ணாடி மணி, முகத்துக்குப் பூச முத்துவெள்ளை, சிவனின் ஜடாமுடிக்குச் சாயம் போட்ட சணல். எல்லாவற்றையும் புறக்கோட்டையில் வாங்கினோம். எங்கள் பழைய நாடகம் ஒன்றில் அரசன் அணிந்த கிரீடத்தை மன்மதனுக்கென்று தம்பி இரண்டு இரவு விழித்திருந்து புதிதாக ஒட்டியிருந்தான். அத்தனையும் ஒரே அட்டைப் பெட்டியில், நீல நைலோன் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

ரம்புக்கணையில் ஏற்றம் தொடங்குகிறது. நாவலப்பிட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் தேயிலை. இந்த மலைகளில் முதலில் நின்றது கோப்பி. 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்ட பிறகுதான் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த சனங்கள் கொண்டு வந்த கூத்து இது. 2023 இல், அவர்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று அதே வழியை மறுபடி நடந்தபோது எங்கள் குழுவிலும் சிலர் கடைசி நாட்களில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அந்த நடையைப் பற்றி அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகுதான் அண்ணனின் அழைப்பு எனக்குள் பலமாக விழுந்தது.

ரயிலில் பாதிப் பேர் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை மலைக்கு ஆள் ஏறும் காலம். அவர்களுக்கும் இறங்குமிடம் ஹட்டன்தான். அங்கிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி. ரயில் நின்றதும் ஒரே நெரிசல். ஜன்னல் வழியாக யார் யாருடைய மூட்டையோ கை மாறி இறங்கியது. எங்கள் பெட்டியும் இறங்கியது, நீலக் கயிற்றோடு.

டிக்கோயா, நோர்வூட் என்று பஸ், பிறகு ஓட்டோ. பாதையோரம் காசல்ரீ நீர்த்தேக்கம் சாம்பல் நிறத்தில் கூடவே வந்தது. இருட்டிய பிறகு மாஸ்டரின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், பெட்டியை வைத்துக் கயிற்றை அவிழ்த்தோம். கம்பளித் தொப்பிகள். தைலப் போத்தல். பிஸ்கட் பக்கெட்டுகள். வெள்ளைத் துணியில் சுற்றிய ஊதுபத்திக் கட்டு.

யாரும் பேசவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மாஸ்டர்தான் தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, மடித்து, மறுபடி உள்ளே வைத்தார். "மலைக்குப் போற சனத்தோட சாமான். நனையாம மேல வைங்க. நம்மட சாமானை அவுங்களும் அப்படித்தான் வச்சிருப்பாங்க" என்றார். ஜிகினாக் கடை பில்லின் பின்னால் அண்ணனின் போன் நம்பர் எழுதியிருந்தது. அதை நம்பிப் படுத்தோம்.


வெள்ளி, தோட்டத்தில்

தங்கியிருப்பது அண்ணனின் அக்கா வீட்டில். மேட்டு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா. அறை 10க்கு 12 அடி. பின்னால் தகரம் போட்டு இறக்கிய குசினி. விடியுமுன் அக்கா ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்விட்டார். இந்தத் தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். மாலை நிறுவை முடிந்து, பீலியில் குளித்து, சோறாக்கி, எட்டு மணிக்கு மேல் ரதியின் சேலைக்கு ஜரிகை தைக்க உட்கார்கிறார். ஊசி கோக்கும் விரல்களில் தேயிலைக் கறை. கொழும்பில் எங்கள் ஒத்திகைக்கு வராமல் போவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் எனக்கு நினைவு வந்தன. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

காலையிலேயே நல்லதண்ணியிலிருந்து போன் வந்துவிட்டது. குருணாகலையிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். இரவு மலையேறப் போகும்போது தொப்பி எடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், உள்ளே கிரீடம். வீட்டுப் பெரியவர் அதைக் கையால் தொடாமல் அப்படியே மூடி, அறையில் உயரமான இடத்தில் வைக்கச் சொன்னாராம். நாளை இறங்கி வரும்போது ஹட்டனில் தருகிறோம் என்றார்கள். மாஸ்டர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

பகலில் காமன் பொட்டலைப் பார்த்தேன். லயங்களுக்குக் கீழே, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும் பாதை வளையும் இடத்தில் ஒரு சமதரை. நடுவில் கம்பம், வைக்கோல் பிரி சுற்றி, காப்புக் கட்டி நிற்கிறது. செருப்போடு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு ஓரத்தில் சிவனுக்குப் பரண் கட்ட மூங்கில் வந்து கிடக்கிறது. சிவனாக ஆடுபவர் ஸ்டோரில் இரவு வேலைக்காரர். பௌர்ணமி இரவுக்கு மட்டும் வேலை மாற்றிக்கொள்ள மூன்று வாரத்துக்கு முன்பே ஆள் பேசி வைத்திருக்கிறார். வீரபத்திரன் டவுனில் பேக்கரி வேலை. மன்மதன் இங்கேயே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ரதி கொழும்பில், புறக்கோட்டை நடைபாதையில் துணி விற்கும் பையன். கம்பம் ஊன்றிய அன்று வந்து காப்புக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனவன், அன்றிலிருந்து அங்கேயே மீன், இறைச்சி தொடாமல் விரதம் இருக்கிறான். யாருக்கு எந்த வேஷம் என்பதில் பாதியை லீவு கிடைப்பதுதான் முடிவு செய்கிறது. பௌர்ணமி அரசாங்க விடுமுறையாக இருப்பது இந்தக் கூத்துக்குக் கிடைத்த பெரிய உதவி. அன்றைக்குச் சாராயக் கடையும் மூடியிருக்கும் என்பதை அக்கா தனியாக எடுத்துச் சொன்னார்.

இரவு பொட்டலில் தப்பு அடித்துப் பாடினார்கள். மூடுபனி இறங்கும் நேரத்தில் தப்புத் தோல் நொடியில் தளர்ந்துவிடுகிறது. நான்கு பாட்டுக்கு ஒரு முறை நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். காய்ச்சுவதற்கென்றே இரண்டு சிறுவர்கள். அவர்களில் ஒருவன் கதை கேட்ட சுவாரசியத்தில் தப்பை நெருப்புக்கு மிக அருகே பிடித்து, தோல் ஓரத்தில் கருகிச் சுருங்கிவிட்டது. பையன் அழத் தொடங்கினான். தப்புக்காரர் வாங்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், "இது இனி கீச்சுன்னுதான் பேசும், பபூன் வாறப்ப அடிக்கலாம்" என்று ஓரமாக வைத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு கோமாளி வரும் பாட்டுக்கெல்லாம் அந்தக் கருகிய தப்புத்தான். நன்றாகவே இருந்தது.

தகனம் முடிந்த பிறகும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது: காமன் எரிந்தானா, எரியவில்லையா. இரு கட்சியாக உட்கார்ந்து லாவணியில் மோதுகிறார்கள். எரிந்த கட்சியில் ஒரு தாத்தா. எரியாத கட்சியில் அவருடைய சம்பந்தி. கண்ணுக்குத் தெரியும் உடம்பு போனால் போனதுதான் என்கிறார் அவர். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவன் எப்படி இறந்தவன் ஆவான் என்கிறார் இவர். கேள்வி பாட்டாக வருகிறது, பதிலும் பாட்டாகவே போகிறது. இரண்டு பேரும் கொப்பி பார்க்கவில்லை.


சனி, ஹட்டனும் திரும்பலும்

பெட்டி வந்துவிட்டது. ஸ்டேஷனில் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தோம். தூக்கமில்லாத கண்கள், வீங்கிய கால்கள், ஆனாலும் எல்லாருக்கும் மலையேறி வந்த நிறைவு. தொப்பியில்லாமல் குளிரில் ஏறியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரீடம் எந்தச் சாமிக்கு என்று பெரியவர் கேட்டார். அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்மதன் கதையைச் சொன்னார். சூரபத்மனின் கொடுமையை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும், சிவனோ தவத்தில், தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள், அவன் மலர்க்கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "மனைவிக்கு என்ன ஆனது?" என்றார். கூத்தின் மறுபாதி முழுவதும் அந்தக் கேள்விதான். ரயில் வந்துவிட்டதால் அவசரமாகச் சொல்லி முடித்தோம்.

டவுனில் கொஞ்ச நேரம் நடந்தேன். 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது இதே ஹட்டனில். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதே குற்றமாக இருந்த காலம். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் மேடையேறிப் பாடுவார், கூலியையும் துரையையும் பற்றி, சனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில். மலையகத்து நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம். பேச்சை விடப் பாட்டு சீக்கிரம் லயத்துக்குள் போகும் என்று தெரிந்து வேலை செய்த பெண் அவர்.

மாலை தோட்டத்துக்குத் திரும்பினால், ரதி வந்து சேர்ந்திருக்கிறான். இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். தொண்டையில் சத்தமே இல்லை. விடுமுறைக்கு முந்திய வியாபாரம் என்று இரண்டு நாளாக நடைபாதையில் விலை கூவியிருக்கிறான், மேலே பஸ்ஸின் குளிர் வேறு. மாஸ்டர் பாடச் சொன்னார். காற்று மட்டும் வந்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள், தேனில் மிளகு குழைத்துக் கொடுத்தார்கள், கழுத்தில் கம்பளி சுற்றினார்கள். பையன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரு மூலையில் குந்தி, காப்புக் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.


ஞாயிறு, பொகவந்தலாவையும் வழக்கும்

காலையில் இன்னும் சத்தம் வரவில்லை. ஒத்திகை பின்னேரம்தான் என்பதால் தம்பியோடு பொகவந்தலாவைக்குப் போய் வந்தேன். அங்கே புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கேமரன் இருக்கிறார். பழைய புகைப்படக் கலையில் பெரிய பெயர். 1879 இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்ட வீட்டில் இறந்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், கோல்புரூக்கோடு சேர்ந்து 1830களில் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த ஆணைக்குழுக்காரர். அவரும் அங்கேதான்.

நான் போனது புகைப்படத்துக்காக மட்டும் இல்லை. இந்த அம்மா நாடகப் பைத்தியம். இங்கிலாந்தில் இருந்தபோது வீட்டிலேயே நாடகம் போடுவார். வேலைக்காரப் பெண்கள், அயலவர், வந்த விருந்தாளி, யாரையும் விடமாட்டார். திரைச்சேலையைப் போர்த்தி, கிரீடம் வைத்து, அரசி என்றும் தேவதை என்றும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். கணவரையே தாடியோடு மந்திரவாதியாக உட்கார வைத்தார். இலங்கைக்கு வந்த பிறகு தோட்டத்தில் வேலை செய்த நம் சனங்களையும் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் நிற்கும் பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களுக்கும் பாட்டுத் தெரிந்திருக்கும், அவர்கள் லயத்து வாசலிலும் மாசியில் ரதி வந்து நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். தம்பிக்குக் கிரீடம் எதில் செய்திருப்பார்கள் என்பதில்தான் யோசனை.

திரும்பி வந்தபோது மாஸ்டர் வீட்டு வாசலில் கூட்டம். வழக்கு இதுதான். மாஸ்டருடைய பேத்தி, பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு, ரதியின் பாட்டு முழுவதும் அறிவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாஸ்டர் வருடா வருடம் இஸ்தோப்பில் ஆம்பிளைப் பையன்களுக்குப் பழக்கும்போது உள்ளே படித்துக்கொண்டிருந்தவள். ரதி ஆடட்டும், பாட்டை இவள் பாடட்டும் என்று அக்காதான் முதலில் சொல்லியிருக்கிறார்.

சம்மதிக்காதவர்கள் சொன்னதையும் எழுத வேண்டும், அவர்கள் பக்கத்திலும் பக்தி இருந்தது. காப்புக் கட்டாத ஆள் பாடலாமா? இந்தத் தோட்டத்தில் பெண்பிள்ளை வேஷக்காரரோடு இராத்திரி சுற்றி வந்த வழக்கம் இல்லையே? நாளைக்கு ஏதாவது நடந்தால் பிள்ளையைத்தானே சொல்வார்கள்? எரிந்த கட்சித் தாத்தா இதில் உறுதியாக நின்றார். மாஸ்டர் தன் பேத்தி என்பதாலேயே வாய் திறக்கவில்லை.

அப்போது மாஸ்டரின் அக்கா, எல்லாரும் அப்பாயி என்று கூப்பிடுகிறவர், உள்ளேயிருந்து வந்து படியில் உட்கார்ந்தார். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 525,000 பேரை இந்தியா எடுக்கும் என்று எழுதினார்கள் அல்லவா? அதன்படி சனங்களைக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிப் பேசினார். "அழுகைக் கோச்சியில பாதி லயம் ஏறிப் போயிருச்சு. மன்மதனும் போயிட்டாரு, ரதியும் போயிட்டாரு. அந்த மாசிக்கு மிஞ்சின ஆம்பளை நாலு பேரு. ரதி வேஷம் கட்டினவருக்கு ஒரு பாட்டு தெரியாது. நான்தான் காம்பராவுக்குள்ள நின்னு கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். ஒன்னோட அப்பா வாசல்ல நின்னு ஜால்ரா போட்டாரு, கேட்டுப் பாரு" என்று தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்.

தாத்தா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். அவருக்கு அது நினைவிருந்தது. "அப்பன்னா மறைவா நின்னு பாடட்டும்" என்றார். ஒரு கம்பளியைத் திரையாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வருவது, அதன் பின்னால் பிள்ளை நடந்து பாடுவது என்று முடிவானது. ஒரு பக்கம் நானே பிடிக்கிறேன் என்றும் அவரே சொன்னார்.

பின்னேர ஒத்திகையில் புதுச் சிக்கல். பிள்ளை பாடுகிற வேகத்துக்கு ரதியின் கால் வரவில்லை. அவள் காதால் கேட்டுப் பழகியவள், ஆட்டத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மாஸ்டர் ஜால்ராவால் நிறுத்திப் பார்த்தார், கையைக் காட்டிப் பார்த்தார். கடைசியில் ரதியே வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு அடி தொடங்கும் முன்பும் வலது காலை ஒரு முறை தட்டிச் சலங்கையை எழுப்பினான். சலங்கை கேட்டதும் அவள் மூச்சு எடுக்கிறாள். பேச முடியாத பையன் அவளுக்குக் காலால் சொல்லிக் கொடுத்தான். நான் பல வருடம் நாடகம் பழக்குகிறேன், இப்படி ஒரு ஒத்திகை பார்த்ததில்லை.

இரவு மாஸ்டர் பாட்டுகளை எழுதி வைத்திருக்கும் தன் நோட்டை, சி.ஆர். கொப்பியை, காட்டினார். அவருடைய தகப்பனாரின் கொப்பியைப் பார்த்து எழுதியது. கூரை ஒழுகி நடுப் பக்கங்களில் மை கரைந்திருக்கிறது. தம்பி விளக்குப் பிடிக்க, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். கரைந்த இடங்களை அப்பாயி வாயால் சொன்னார்.


திங்கள், பௌர்ணமி

இதை எழுதுவது செவ்வாய் காலை. கண் எரிகிறது, இருந்தாலும் தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வேஷம் கட்டினார்கள். தேங்காய் எண்ணெயில் முத்துவெள்ளையைக் குழைத்து முகத்தில் பூசினார் மாஸ்டர். மன்மதனுக்குத் தம்பி ஒட்டிய கிரீடம். தலையில் வைத்ததும் அவர் இரண்டு கையாலும் ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பி வெளியே போய்விட்டான். கிரீடத்தில் ஒட்டிய பசை அவன் கையில் இன்னும் காய்ந்திருந்தது.

மேட்டு லயத்தில் தொடங்கி ஒவ்வொரு வாசலாக இறங்க வேண்டும். வாசலுக்கு வாசல் ஆராத்தி, மஞ்சள் தண்ணீர், தட்டில் வெற்றிலை. பத்து மணிக்கு மின்சாரம் போய்விட்டது. நிலா இருந்தும் மூடுபனிக்குள் அது ஒரு வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. தம்பி கொண்டு வந்த லைட் எதுவும் உதவவில்லை. தீப்பந்தமும் போன் வெளிச்சமும்தான். ரதியின் முகத்துக்கு வெளிச்சம் வேண்டிய இடத்தில் சிறுவர்கள் தாங்களாகவே போனைத் தாழ்த்தினார்கள், கண் கூசாதபடி. சொல்லித் தர ஆள் தேவைப்படவில்லை.

கம்பளித் திரை முதல் வாசல்களில் நன்றாகத்தான் வந்தது. உள்ளேயிருந்து பிள்ளையின் குரல், வெளியே ரதியின் ஆட்டம். பணிய லயத்துக்கு இறங்கும் படி வழுக்கல். தாத்தா பின்பக்கமாக நடந்து வந்ததில் கால் தவறி, கம்பளியோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டார். தப்பு நின்றது. எல்லாரும் ஓடினோம். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் ரதி நிற்கவில்லை. அவன் அடுத்த அடிக்குச் சலங்கையைத் தட்டிவிட்டான். பிள்ளையும் பழக்கத்தில் மூச்சை எடுத்துப் பாடிவிட்டாள், திரையில்லாமல், எல்லார் முன்னாலும்.

தாத்தா கானுக்குள் உட்கார்ந்தபடி அந்த அடி முழுவதையும் கேட்டார். ஏறி வந்ததும் கம்பளியில் நனையாத பக்கத்தை மேலே திருப்பினார். "பிள்ளை நடுங்குது. போத்திக்கிட்டுப் பாடட்டும்" என்று அவள் தோளில் போட்டார். அதன் பிறகு திரை கிடையாது. அவர் நொண்டிக்கொண்டே பிள்ளையின் பக்கத்தில் நடந்து வந்தார், விடியும்வரை.

தூதன் வந்தது, யமன் வந்தது, கோமாளி வந்தது எல்லாவற்றையும் எழுத நேரமில்லை. வீரபத்திரன் வந்தபோது இரண்டு பேருக்கு அருள் வந்தது. அதை விவரிக்க நான் ஆள் இல்லை.

விடியுமுன் பொட்டலுக்கு வந்தோம். பரணில் சிவன், சணல் ஜடையோடு, கண் மூடி. பரணிலிருந்து கம்பத்துக்கு ஒரு கயிறு. அதில் வாணம் ஓடிப் போய்க் கம்பத்தைப் பற்ற வைக்க வேண்டும். மன்மதன் கணை விட்டான். சிவன் எழுந்தார். வாணம் கிளம்பியது. பாதிக் கயிற்றில் சீறி, சுற்றி, நின்றுவிட்டது. பனியில் மருந்து நனைந்திருக்கிறது. தம்பி ஏணி எடுக்க ஓடினான். மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். மேலே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, தப்புக்காரரிடம் மட்டும் தலையசைத்தார். தாளம் மாறியது.

சிவன் பரணிலிருந்து இறங்கினார். யாரோ நீட்டிய தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, ஆடியபடியே கூட்டத்தை விலக்கிப் பொட்டலை மூன்று முறை சுற்றினார். ஸ்டோரில் இரவு முழுக்க இயந்திரத்தோடு நிற்கிற மனிதர். அந்தக் கால்களில் அவ்வளவு கோபம் எங்கே இருந்ததோ. கம்பத்தின் அடியில் பந்தத்தை வைத்தார். வைக்கோல் குப்பென்று பிடித்தது. கயிறு கட்டுவது பின்னால் வந்த வழக்கம், முன்பு இப்படித்தான் எரிப்பார்கள் என்று அப்பாயி என் காதருகே சொன்னார். அந்தப் பழைய தாளம் தப்புக்காரருக்கும் சிவனுக்கும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தெரியாம?" என்றார்.

எங்கள் குழுவில் ஒரு முறை கதாநாயகனுக்கு டெங்கு வந்து நாடகத்தையே நிறுத்தினோம். மண்டபத்துக்குக் கட்டிய காசு போனது, மூன்று மாத உழைப்புப் போனது. அவனுடைய வசனம் எங்களில் வேறு யாருக்கும் தெரியாது. இங்கே ரதிக்குத் தொண்டை போனது, திரை விழுந்தது, மின்சாரம் போனது, வாணம் நின்றது. ஒவ்வொன்றுக்கும் பதில் கூட்டத்துக்குள்ளேயே யாரிடமோ இருந்தது. பார்க்க வந்தவர்கள் என்று அங்கே தனியாக யாரும் இல்லை, எங்கள் மூவரைத் தவிர.

பிறகு ரதியின் புலம்பல். வெள்ளைச் சேலை மாற்றி வந்தான். எரிகிற கம்பத்தைச் சுற்றி விழுந்து விழுந்து எழுந்தான். பிள்ளை பாடத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் அக்கா சேர்ந்தார். அப்பாயி சேர்ந்தார். பிறகு மேட்டு லயத்துப் பெண்கள், பணிய லயத்துப் பெண்கள், குழந்தையைத் தோளில் போட்டிருந்தவர்கள், எல்லாரும். யாருக்கும் ஒரு சொல் தவறவில்லை. ரதியும் வாயைத் திறந்து அழுதான். அவன் தொண்டையிலிருந்தும் ஏதோ ஒரு கரகரப்பு வந்தது. அந்தப் பெண்களில் பாதிப் பேர் புருஷனைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிவிட்டு இருக்கிறவர்கள். காமனுக்கென்று மட்டும் அவர்கள் பாடியதாக எனக்குத் தோன்றவில்லை.


செவ்வாய், கீழே இறங்கி

பகல் ரயில். அக்கா வழக்கம்போலப் பிரட்டுக்குப் போயிருந்தார், ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல். சிவன் ஸ்டோருக்குப் போய்விட்டார். ரதி மட்டும் மூன்றாம் நாள் உயிர் எழுப்பும்வரை இருப்பான். அதற்கும் சேர்த்து லீவு கேட்டிருக்கிறான், கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

மாஸ்டர் அடுத்த மாசிக்குப் பட்டியல் தந்தார்: முத்துவெள்ளை இரண்டு மடங்கு, நனையாத திரி, ஒரு நல்ல கன்றுத்தோல், இரண்டு புது சி.ஆர். கொப்பி. கொப்பியில் ஒன்று பேத்திக்கு. அவளே எழுதட்டும் என்றார். நான் எடுத்த படங்களைக் கொழும்பில் அச்சிட்டு, கரைந்த வரிகளுக்கு அப்பாயி சொன்ன பாடத்தைச் சேர்த்து, வெசாக்குக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊரில் யாருக்காவது இதே பாட்டின் வேறு பாடம் தெரிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வரிகள் மாறுகின்றன, எல்லாமே வேண்டும்.

வரும் சனிக்கிழமை எங்கள் ஒத்திகையில் ஆளுக்கு இன்னொருவருடைய வசனத்தையும் படிப்பது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டோம். தம்பி எனக்கு லைட் பலகையைப் பழக்கப் போகிறான்.


பின்குறிப்பு, வியாழன் காலை

அக்கா போன் எடுத்தார். நேற்று இரவு உயிர் எழுப்பினார்களாம். ரதிக்குச் சத்தம் பாதி திரும்பியிருக்கிறது. முதல் பாட்டை அவன் பாட, மிச்சத்தைப் பிள்ளை பாடியிருக்கிறாள். தாத்தாவின் முழங்கால் இன்னும் வீக்கம். ஆனாலும் பொட்டலுக்கு வந்து, காமன் எரிந்துதான் போனான் என்று விடியும்வரை சம்பந்தியோடு வாதாடினாராம்.